அத்தான் வீட்டு நாணயச்சாலை

தகட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு பெருமைதான். ஆனால் அந்த ஒன்றைக் கேட்டுக் கேட்டு அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் காது புளித்துப் போயிருந்தது. தலைநகரத்தில் அவர் மாட்டிய தகடு ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை என்பதுதான் அது. குவிமாடம் வைத்த பழைய நீதிமன்றம், என்றைக்குப் பார்த்தாலும் ஒரே மணி காட்டும் மணிக்கூண்டு, ஆளுநர் காலி செய்துவிட்டுப் போய்ப் புறாக்கள் குடியேறிய மாளிகை, பெரிய நூலகம், முதல் ரயில் வந்து நின்ற நிலையம் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பளபளக்கும். இன்ன கட்டடம், இன்னார் கட்டியது, இன்னது நடந்த இடம் என்று அதில் செதுக்கியிருக்கும். அதில் பாதி பொய் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது. திருகாணி ஆடுகிறது என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்குச் சாப்பிடமாட்டார்.

பழங்கட்டடத் துறையில் தகடு மாட்டுவதற்கென்றே இருந்த ஒரே ஆள் அவர். இதெல்லாம் ஒரு வேலையா என்று உங்களுக்குத் தோன்றலாம். வந்து மாட்டிப் பார்த்தால்தான் தெரியும் சேதி. முதலில் விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். உள்ளே பொக்கையாக இருந்தால் சுவர் பொத்தென்று சத்தம் போடும். அந்த இடத்தை விட்டுவிடுவார். கணீரென்று பதில் வருகிற இடம் வரைக்கும் நகர்ந்துகொண்டே இருப்பார். கிடைத்ததும் துளை போட்டு, மூலைக்கு மூலை திருகாணி இறக்கி, கடைசியில் திருகாணித் தலைகளை அரத்தால் ராவி மழுக்கிவிடுவார். பித்தளைக்கு ஆசைப்படும் திருடன் எந்தக் கருவியோடு வந்தாலும் கழற்ற முடியாது. மாட்டியவரே வந்தாலும் முடியாது.

இந்த வேலையால் அவருக்குக் கல்யாணமே ஆகாமல் போயிற்று. பேச்செடுத்த இடத்திலெல்லாம், மாப்பிள்ளை தகடு வைக்கிறவர் என்று கேட்டதும் மந்திரவாதி என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்காதான் அவருக்கு எல்லாம். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தலை நரைத்த தம்பியை இன்றைக்கும் 'டேய்' என்றுதான் கூப்பிடுவாள். அவருக்கு வார விடுமுறை திங்கட்கிழமை. அன்று மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. அதை விட்டால் அவருக்குப் போக வேறு வீடு கிடையாது.

அக்காவின் வீடு பழைய நாணயச்சாலையின் பக்கச் சுவரோடு ஒட்டியபடி ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே முன்னறையும் சமையலறையும், மேலே படுக்கையறையும் குளியலறையும். அத்தான் நகரப் பேருந்து ஓட்டியவர். அவர் ஓட்டும் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் அந்த வீட்டை வாங்கினார். அப்புறம் பாருங்கள், ஒரு காலையில் வாய் கோணி, இடது கால் இழுத்துக்கொண்டது. வாய் சரியாகிவிட்டது, கால் ஆகவில்லை. காலையில் படிப்படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வருவார். திரும்ப ஏறுவதென்றால் அக்கா மேலே நின்று இழுக்க வேண்டும். பகலில் ஒரு அவசரம் என்றாலும் இதே கூத்துதான்.

ஆகவே, படிக்கட்டுக்குக் கீழே சுவரை உடைத்து ஒரு சின்னக் கழிவறை கட்டிவிடுவது என்று முடிவாயிற்று. உட்கார்ந்து போகிற மாதிரி வெள்ளைப் பீங்கான் கோப்பை வாங்கி முன்னறையில் வைத்தார்கள். கொத்தனார் அட்வான்ஸாகத் தன் கடப்பாரையைக் கொண்டுவந்து சாத்திவிட்டுப் போனார். அவர் வந்து முதல் இடி இடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்த வேளையில்தான் நம்ம ஆள் நாணயச்சாலைக்குத் தகடு மாட்ட வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஒரு பெரிய மனிதர் வந்து திரையை விலக்கித் தகட்டைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. தகட்டுக்காரர் நாணயச்சாலையின் வாசல் சுவரைத் தட்டினார், பொத்தென்றது. ஜன்னலோரம் தட்டினார், காரை கையோடு வந்தது. உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்த சுவர், எங்கே தட்டினாலும் தூசியைத்தான் கொடுத்தது. தட்டிக்கொண்டே மூலை திரும்பினார், சந்துக்குள் வந்தார், இன்னும் தட்டினார். ஓரிடத்தில் கணீரென்றது. அடடா, சுவர் என்றால் இதல்லவா சுவர். இருக்காதா பின்னே? போன மழைக்கு முன்னால் அத்தானை அரித்துப் பிடுங்கி, சிமென்டை இரட்டிப்பாகப் போடச் சொல்லி, இவரே பக்கத்தில் நின்று பூசவைத்த சுவர் அது. அக்கா வீட்டுச் சுவர்.

தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லி உங்கள் காதில் பூச்சுற்ற மாட்டேன். நன்றாகத் தெரியும். சுவரோடு சுவர் ஒட்டித்தானே இருக்கிறது, இரண்டு முழம் தள்ளிப் போனால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். விழுகிற மாதிரி மாட்டுவதைவிடத் தள்ளி மாட்டுவது மேல் என்பது அவர் நியாயம். மாட்டினார், ராவி மழுக்கினார், அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் பெரிய மனிதர் திரையை இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அத்தானும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மைத்துனன் வேலையாயிற்றே என்று சேர்ந்து தட்டினார்.

கொத்தனார் வந்த அன்றைக்கே, துறையிலிருந்து ஒருவர் மேசை, நாற்காலி, குடை, டிக்கெட் கட்டு சகிதமாக வந்து இறங்கினார். வீட்டு வாசலில் கடையைப் பரப்பிவிட்டு, முதல் வேலையாகக் கொத்தனாரை வெளியே அனுப்பினார். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஒரு செங்கல்லை அசைத்தாலும் சிறை என்றார். இது எங்கள் வீடு, நாணயச்சாலை அந்தப் பக்கம் இருக்கிறது என்று அக்கா கையை நீட்டிக் காட்டினாள். டிக்கெட்காரர் தங்கமான மனிதர். பொறுமையாக எடுத்துச் சொன்னார். துறையின் சட்டப்படி, தகடு எந்தக் கட்டடத்துச் சுவரில் இருக்கிறதோ அதுதான் தகட்டில் சொன்ன கட்டடம். முன்பு எப்போதோ இரண்டு மாளிகைகள் ஒரே பெயருக்குச் சண்டை போட்டதால் வந்த சட்டமாம்.

விஷயம் காதில் விழுந்ததும் தகட்டுக்காரர் ஓட்டமும் நடையுமாகத் துறை இயக்குநரிடம் போனார். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. தப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் மட்டும் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

"மேடம், நாணயச்சாலைத் தகடு தப்பான சுவர்ல ஏறிடுச்சு. அது எங்க அக்கா வீடு."

"தப்புன்னு யார் சொல்றது?"

"மாட்டினவன் நான்தானே சொல்றேன்."

"நீங்க மாட்டத்தான் மாட்டினீங்க. திறந்து வெச்சது அவர். அவர் யாரோ ஒருத்தர் வீட்டைத் திறந்து வெச்சிட்டுப் போனார்னு நான் எழுதி அனுப்பணுமா?"

அதோடு விட்டாரா? சந்தேகம் என்று வந்துவிட்டதால் நிபுணரை அனுப்பிவைத்தார். நிபுணர் வந்து வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஒரு அலங்காரம்கூட இல்லாத இந்த எளிமை அக்கால நாணய அதிகாரிகளின் நேர்மைக்குச் சாட்சி என்று அறிக்கை எழுதினார். அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் கலவையின் உறுதி இந்தக் காலத்துச் சிமென்டுக்கு வருமா என்று பூச்சைத் தடவிப் பெருமூச்சு விட்டார். பக்கத்திலிருந்த அசல் நாணயச்சாலையைப் பின்னாளில் ஒட்டிக் கட்டிய தரமற்ற கட்டடம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தகட்டுக்காரர் சொந்தச் செலவில் தனக்கே சூனியம் வைத்துக்கொண்ட கதையாகப் போயிற்று.

பாதுகாப்பு என்றால் சும்மாவா? தகடு ஏறிய நாளில் வீட்டுக்குள் எது எங்கே இருந்ததோ அது அது அங்கங்கே இருக்க வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரின் தாளைக் கிழிக்கக்கூடாது. அக்கா வேறொன்று வாங்கி அலமாரிக்குள் மறைத்து வைத்து, தேதி பார்க்க வேண்டுமென்றால் கதவைத் திறந்து பார்த்தாள். கொத்தனாரின் கடப்பாரை நாணயம் அடிக்கும் தண்டாகிவிட்டது. பீங்கான் கோப்பையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தங்கத்தை உருக்கி ஊற்றிய கலம் இதுதான் என்று டிக்கெட்காரர் பார்வையாளர்களிடம் சொல்வார். அவர்களும் குனிந்து, உள்ளே ஏதாவது பொட்டுத் தங்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பார்வையாளர்கள் வந்தார்கள், வராமலா? வரிசையாக வந்தார்கள். நாணயச்சாலையைப் பார்க்கிறோம் என்று அக்காவின் சமையலறையைப் பார்த்தார்கள், அவள் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தார்கள். முன்னறையில் உட்கார்ந்திருந்த அத்தானை என்ன சொல்லிக் காட்டுவதென்று டிக்கெட்காரர் கொஞ்ச நாள் தடுமாறினார். பிறகு, கடைசி நாணய அதிகாரியின் பேரன் என்று முடிவு செய்தார். "நான் பஸ் டிரைவருங்க" என்றார் அத்தான். அந்தப் பரம்பரைக்கே அடக்கம் அதிகம் என்று டிக்கெட்காரர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஒருநாள் அத்தான் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவதைப் பார்த்த ஒருவர், அதிகாரிகள் அந்தக் காலத்தில் இப்படித்தான் இறங்குவார்களா என்று கேட்டார். டிக்கெட்காரர் இல்லை என்று சொல்லவில்லை. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கூடக் கூட வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை. பக்கத்திலிருந்த தரமற்ற கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினால் போதும் என்று துறைக்கு யோசனை வந்தது. அப்படியாகத்தான், நாணயச்சாலையைப் பார்க்க வருகிறவர்கள் வண்டி நிறுத்துவதற்காக நாணயச்சாலையை இடித்தார்கள். தகட்டுக்காரர் அன்றைக்கு எதிர்ப்புறம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இதுதான் அசல் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? வண்டிகள் நுழையும் இடத்தில் பழைய வாசல் தூண் ஒன்று மட்டும் மிஞ்சியது. கதவைத் தொங்கவிட ஏதாவது வேண்டுமே என்று அதை விட்டுவைத்தார்கள்.

இவ்வளவும் போகட்டும். அவரை உள்ளுக்குள் அறுத்தது வேறு. அக்கா அவரை 'நீங்க' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கரண்டியைத் தூக்கி எறிந்திருந்தால் குனிந்து எடுத்துக் கொடுத்திருப்பார். 'வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க' என்று ஆபீஸிலிருந்து வந்த மூன்றாம் மனிதரிடம் பேசுவதுபோல் பேசினால் எப்படித் தாங்குவது? ஒரு திங்கட்கிழமை, அத்தானுக்கு முன்னால் வைத்த தண்ணீர் தொடாமலே இருப்பதைப் பார்த்து, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டுவிட்டார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"தண்ணி குடிச்சா மேல ஏறணுமே. அதனால பகல் முழுக்கத் தாகத்தோட உக்காந்திருக்கார். உங்களுக்குத் தெரியாதுல்ல?"

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. கைப்பிடிக் கம்பியாவது வைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார், கூடாது என்றார்கள். மடக்கு நாற்காலியில் ஓட்டை போட்டு வைக்கலாம் என்றால், புதிய பொருள் உள்ளே போகக்கூடாது என்றார்கள். மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மேடத்திடம் போய், இவ்வளவு தூரம் வரும் பார்வையாளர்களுக்கு நாணயச்சாலையில் ஒதுங்க இடம் இல்லையே, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் துறையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று பக்குவமாக எடுத்துவிட்டார். மேடத்துக்கு அது சுருக்கென்று தைத்தது. படிக்கட்டுக்குக் கீழே இடம் இருக்கிறது என்று இவரே சொன்னார். செங்கல்லை அசைத்தால் சிறையாயிற்றே என்று கேட்கிறீர்களா? வீட்டுக்காரர்கள் அசைத்தால்தான் அது சேதம். துறை அசைத்தால் அதற்குப் பெயர் மேம்பாடு.

அதே கொத்தனார் வந்தார், அதே இடத்தில் இடித்தார். பளபளவென்று ஒரு கழிவறை எழும்பியது. உள்ளே கைப்பிடிகூட வைத்தார்கள். அன்றைக்கு அக்கா வீட்டில் தம்பிக்கு இரண்டாவது கரண்டி குழம்பு தானாக விழுந்தது. தகட்டுக்காரர் தலைகால் புரியாமல் இருந்தார். திறப்பு நாளன்று கதவில் 'பார்வையாளர்களுக்கு மட்டும்' என்று பலகை ஏறியபோதுதான் முகம் விழுந்தது.

டிக்கெட்காரர் மறுபடியும் பொறுமையாக விளக்கினார். குடியிருக்கிறவர்கள் பார்வையாளர்கள் ஆகமாட்டார்கள். ஆனால் டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் பார்வையாளர்தான், அதற்குத் தடை இல்லை. ஆகவே அத்தான் தன் வீட்டு முன்னறையிலிருந்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வெளியே போய், தன் வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று உள்ளே வந்தார். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு தடவைதான். அவர் மெதுவாகத்தானே எதையும் செய்ய முடியும்? பின்னால் நிற்கிறவர்கள் கதவைத் தட்டித் தட்டி அவசரப்படுத்துவார்கள். ஒரு அம்மாள், நாங்களும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறோம் என்று சத்தம் போட்டாள். வேர்த்து விறுவிறுத்து, பாதியில் எழுந்து வெளியே வருவார் அத்தான். இருந்தாலும் படி ஏறுவதற்கு இது தேவலை என்று அவரே சொன்னார். மெல்ல மெல்லப் பகலில் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வந்தது. தகட்டுக்காரருக்கு மட்டுமா விடுமுறை? துறைக்கே விடுமுறை, நாணயச்சாலைக்கும் விடுமுறை. டிக்கெட்காரர் ஞாயிறு மாலையே கழிவறைக்கு ஒரு பெரிய பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஊரின் மறுகோடியிலிருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். இதை ஒருவரும் யோசித்திருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, நிறையத் தண்ணீரும் குடித்துவிட்டு, அத்தான் எழுந்து போய்ப் பார்த்தால் பூட்டு.

அக்கா ஒரு பக்கம், தகட்டுக்காரர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அவரை மேலே ஏற்றினார்கள். அவசரத்தில் கால் இன்னும் மோசமாகப் பின்னியது. ஒரு படி, இன்னொரு படி என்று நடுவரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே அத்தான் நின்றார். விடுங்க, இனிமே வேண்டாம் என்றார். படிகளில் ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் அப்படியே உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து, "மன்னிச்சுக்கோம்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

அக்கா வாளியும் துணியும் எடுக்கப் போனாள். தகட்டுக்காரரால் அங்கே நிற்க முடியவில்லை. சந்தில் வந்து நின்று, வயதையும் நரையையும் பார்க்காமல் விசும்பி விசும்பி அழுதார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், கேட்கிறவர் அவரா என்று நெஞ்சு கொதித்தது. ஒரு பாவமும் அறியாத மனிதர். அவர் சுவரை நன்றாகப் பூசி வைத்திருந்தார், அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பூட்டை உடைக்கலாம். உடைத்தால் செவ்வாய்க்கிழமை வேறு பூட்டு வரும். தகட்டுக்காரர் பூட்டைப் பார்க்கவில்லை, தகட்டைப் பார்த்தார். விடுமுறையிலும் கூடவே வரும் பையிலிருந்து சுத்தியலையும் உளியையும் எடுத்தார். திருகாணித் தலைகளைத் தான்தானே ராவி மழுக்கியிருக்கிறார், கழற்ற வழியில்லை. சுவரோடு பெயர்த்தெடுப்பதுதான் வழி. தகட்டைச் சுற்றி உளியை வைத்து அடித்தார். உளி வழுக்கியது. இரட்டிப்புச் சிமென்டு போடச் சொன்ன வாயை நாலு அறை அறையலாம் போலிருந்தது. பட்டப்பகல், சந்தில் ஆட்கள் போகிறார்கள் வருகிறார்கள், பார்த்தவர்கள் சொல்லிவிட்டால் வேலையும் போய்ச் சிறையும் நிச்சயம். அதையெல்லாம் அவர் யோசிக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார், கை காய்த்ததுதான் மிச்சம்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பினால் அக்கா, கையில் கடப்பாரை. நாணயம் அடிக்கும் தண்டு என்று காட்டி வைத்திருந்த அதே கடப்பாரை.

"தள்ளுடா. நீ தட்டுற தட்டுக்குப் பொழுதே சாஞ்சிரும்."

அந்த 'டா' காதில் விழுந்ததும் அவருக்குக் கண்ணீர் பார்வையை மறைத்துவிட்டது. ஒதுங்கி நின்றார். அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓங்கிக் குத்தினாள். இத்தனை நாள் வெங்காயம் நறுக்குவதை வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் குத்தினாள். முதலில் பொடி, பிறகு சில்லு, பிறகு ஒரு பாளம். அக்காவும் தம்பியும் மாறி மாறி இடித்ததில், சுவரில் ஓர் ஆள் தலையை நீட்டலாம் போன்ற ஓட்டை விழுந்து, தகடு தன் சிமென்டுப் பாளத்தோடு தரைக்கு வந்தது. உள்ளேயிருந்து அத்தான், எந்த வண்டி மோதிச்சு என்று கேட்டார்.

மாட்டிய கை சும்மா இருக்குமா? தகட்டைக் குப்பையில் போட அவருக்கு மனம் வரவில்லை, சட்டமும் விடாது. எங்கே மாட்டினாலும் அங்கே யாரோ ஒருவர் குடியிருப்பார், அவருக்கும் ஒரு கால் இருக்கும், ஒரு அவசரம் இருக்கும். யோசித்துக்கொண்டே வண்டி நிறுத்துமிடத்து வாசலுக்கு வந்தார். அந்தப் பழைய தூண் நின்றிருந்தது. தட்டிப் பார்த்தார், பொத்தென்றது. அசல் நாணயச்சாலையில் மிஞ்சியது அது ஒன்றுதான், அதுவும் தொட்டால் உதிர்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக, நிற்காது என்று தெரிந்தே தகடு மாட்டினார். திருகாணி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. போதாததற்குக் கம்பியைச் சுற்றிக் கட்டினார். கோணலாகத் தொங்கிற்று. பார்க்கவே அவமானமாக இருந்தது, ஆனாலும் விட்டுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை டிக்கெட்காரர் வந்தார். சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தார், தூணில் இருந்த தகட்டைப் பார்த்தார். அவருக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. தகடு எங்கேயோ கட்டடம் அங்கே என்று மேசையையும் குடையையும் தூக்கிக்கொண்டு தூணடிக்குப் போய்விட்டார். போகும்போது கழிவறைக் கதவிலிருந்த பலகையையும் பூட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார், அவை துறையின் சொத்து. கழிவறையும் துறையின் சொத்துதான். அதைப் பெயர்த்து எடுத்துப் போகும் வழி தெரியாததால் விட்டுவிட்டார். மறக்காமல் அத்தானிடம், இனிமேல் நீங்கள் நாணய அதிகாரியின் பேரன் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

மேடமும் வந்தார். ஓட்டைக்கு இந்தப் பக்கம் தகட்டுக்காரரும் அந்தப் பக்கம் அக்காவும் நின்றார்கள். மேடம் ஓட்டையையே ரொம்ப நேரம் பார்த்தார். இதை உடைத்தது யார் என்று கேட்டால், எதை உடைத்தார்கள் என்று எழுத வேண்டிவரும். வீட்டை என்றால் திறப்பு விழா தப்பு. நாணயச்சாலையை என்றால், அதுதான் தூணாக அங்கே நிற்கிறதே. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டதிலிருந்து தலைவலி ஆரம்பித்துவிட்டது தெரிந்தது.

"அந்தத் தூண்ல தகடு நிக்குமா?"

"நிக்காது மேடம். விழும்."

"விழுந்தா?"

"விழ விழ மாட்டுறேன்."

மேடம் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார். நிபுணர் வந்து, காலம் செதுக்கிய கம்பீரம் என்று தூணைப் பற்றி எழுதினார். பார்வையாளர்களும் முகம் சுளிக்கவில்லை. வெயிலில் நின்று தூணைச் சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தகடு வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்தது. ஒருமுறை டிக்கெட்காரரின் குடைமேலேயே விழுந்தது. ஆபீஸில் அத்தனை பேரும் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள், எந்தத் தகடும் விழாதுன்னு சொன்னீங்களே என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். தகட்டுக்காரரும் பதிலுக்குச் சிரித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்.

தகடு தூணுக்குப் போன பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, சாப்பாடு முடிந்ததும் அத்தான் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். எழுந்தார். பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் இரண்டு அடி வைத்து, பிறகு நினைவு வந்து திரும்பினார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்காவும் தம்பியும் சமையலறையில் உட்கார்ந்து பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே, எப்போதும்போல் அவசரமாகக் கதவு திறந்தது. அத்தான் வேர்த்து விறுவிறுத்துத் தலையை நீட்டி இடமும் வலமும் பார்த்தார்.

"பின்னால யாரும் நிக்கலையா?"

"யாரும் இல்ல அத்தான்" என்றார் தகட்டுக்காரர். "நீங்க மெதுவா வாங்க."

அத்தான் இன்னொரு தடவை வாசல்வரைக்கும் எட்டிப் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளே போய், கதவை நிதானமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.